நாலரை கிரவுண்ட் கடலோரம்: ஒரு நிலாவெளிக் காணியின் கணக்கு

ஃபைல் அட்டையின் மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே பச்சை மையில் "நிலாவெளி". இலங்கையில், திருகோணமலைப் பக்கத்துக் கடற்கரை ஊர். உள்ளே ஒன்பது தாள்கள். மங்கிப்போன ஒரு நகல், கையால் போட்ட ஒரு வரைபடம், வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் பிரிண்ட் ஆறு, கடைசியில் ஒரு இருபது ரூபாய் முத்திரைத்தாள். 2025 ஜூன் மாதம், மேற்கு மாம்பலத்தில் இருக்கும் எங்கள் ஆடிட்டர் ஆபீசுக்கு அதை எடுத்துக்கொண்டு வந்தவர் சொன்னது இதுதான்: "கேபிடல் கெயின்ஸ் மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார். மத்ததெல்லாம் முடிஞ்ச மாதிரிதான்."

முடிந்த மாதிரி என்ற அந்த விஷயத்தைப் பிரித்துப் பார்க்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் நடந்துகொண்டார்கள். அப்படியும் இந்த அளவுக்கு முடிச்சு விழுந்ததால்தான், அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆசை வந்த வழி

அவரை வேளச்சேரிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வயது 57. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வி.ஆர்.எஸ். வாங்கியவர். மனைவி பள்ளி ஆசிரியை. 2003இல் மேடவாக்கத்தில் சதுர அடி 200 ரூபாய்க்கு வாங்கிப் போட்ட அரை கிரவுண்டை, 2025 ஏப்ரலில் சதுர அடி 6,000 என்று 72 லட்சத்துக்கு விற்றார். கையில் ரொக்கம், மனதில் கடற்கரையில் ஒரு சின்ன விருந்தினர் விடுதி. ஈ.சி.ஆரில் விசாரித்தார். அங்கே சொன்ன விலையைக் கேட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

அப்புறம் கிண்டியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் நடந்த வெளிநாட்டுச் சொத்துக் கண்காட்சிக்குப் போனார். ஏசி ஹால், பளபளக்கும் புத்தகம், தாய்லாந்து, பாலி, மலேசியா. அவர் கொண்டுவந்த புத்தகங்களை நானும் புரட்டிப் பார்த்தேன். தாய்லாந்தில் வெளிநாட்டவர் பெயரில் நிலம் கிடையாது. அடுக்குமாடியில் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் வைத்திருக்கலாம். இந்தோனேசியாவில் முழு உரிமை நிலம் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். பாலி வில்லா என்று விற்கப்படுவது பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகைதான். மலேசியாவில் பல மாநிலங்களில் வெளிநாட்டவர் 10 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைந்த சொத்தை வாங்க முடியாது. புத்தகங்களில் இதெல்லாம் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது.

இவருக்கோ அந்தப் பொடி எழுத்தெல்லாம் ஒரு பொருட்டாகப் படவில்லை. அவர் கவலையே வேறு. "அங்கெல்லாம் பாஷை தெரியாது சார், தலையில மிளகாய் அரைச்சிடுவான். திருகோணமலைன்னா நம்ம ஆளு, நம்ம தமிழ்."

மனைவியின் சித்தி 1970களில் திருகோணமலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். அவர் மகன், இவருக்கு மச்சினர் முறை, அங்கே மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். இவரை வாய் நிறைய "அத்தான்" என்றுதான் கூப்பிடுவார். போனில் அவர் சொன்னதை வேளச்சேரிக்காரர் அப்படியே எனக்குச் சொல்லிக் காட்டினார்: "அத்தான், இது எங்கட சனத்தின்ர காணி. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

மே மாதம் தம்பதி கிளம்பிப் போனார்கள். கொழும்புக்கு விமானம், அங்கிருந்து வேனில் திருகோணமலை, கோணேஸ்வரத்தில் அர்ச்சனை, மறுநாள் காலை நிலாவெளி. ஏழெட்டுப் பனை, ஒரு பழைய கட்டுக்கிணறு, கடலில் இருந்து நூற்றைம்பது மீட்டர். கரைக்குப் போய் நின்றால் புறாத்தீவு தெரிகிறது. கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்திருக்கிறார், உப்பே இல்லை. சென்னைக்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அளவு 40 பேர்ச்சஸ் என்றார்கள். பனை நிழலில் நின்று போனில் கணக்குப் போட்டார். ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. அப்படியானால் 40க்கு 10,890 சதுர அடி. 2,400 சதுர அடி என்ற நம்ம கிரவுண்ட் கணக்கில் நாலரை. விலை பேர்ச்சஸ் மூன்றரை லட்சம் இலங்கை ரூபாய், மொத்தம் 1 கோடியே 40 லட்சம். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் சுமார் மூன்றரை என்று வைத்தால் 40 லட்சம். மேடவாக்கத்தில் அரை கிரவுண்ட் போய்க் கடலோரத்தில் நாலரை கிரவுண்ட். அந்த இடத்திலேயே கைகொடுத்துவிட்டார்.

அந்த மங்கலான நகல்

ஃபைலில் முதல் தாளைக் காட்டி "இதுதான் அவங்க பட்டா" என்றார். எனக்கு இலங்கைச் சட்டம் தொழில் இல்லை. ஆனால் தாளைப் படிக்கத் தமிழ் போதும். பூர்த்தி செய்யப்பட்ட அரசுப் படிவம் அது. சிங்களமும் தமிழுமாக அச்சு. அதில் இரண்டு சொற்கள் என்னை நிறுத்தின: ஒன்று "அனுமதிப்பத்திரம்", இன்னொன்று "பின்னுரித்தாளர்", அதாவது தனக்குப் பின் காணியைப் பெறுகிறவர். விற்பனைப் பத்திரத்தில் பின்னுரித்தாளருக்கு என்ன வேலை?

திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக் கேட்டோம். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. இலங்கையில் நிலத்தின் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு மக்களுக்கு அனுமதிப்பத்திரத்தில் காணி கொடுக்கிறது. உழலாம், வீடு கட்டலாம், தனக்குப் பின் யாருக்கு என்று பின்னுரித்தாளரை நியமிக்கலாம். இஷ்டத்துக்கு விற்க முடியாது. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. நாம் கிரயப் பத்திரம் என்பதை அங்கே சனங்கள் "உறுதி" என்பார்கள். இது உறுதிக் காணியே இல்லை.

மச்சினர் பொய் சொன்னாரா? இல்லை. ஒரு கடிதத்தை எழுதிக் கொடுத்து இப்படிக் காணி கைமாறுவதை அவர் ஊரில் பார்த்துப் பழகியவர். நம் ஊரில் அரசு நிபந்தனையோடு கொடுத்த கண்டிஷன் பட்டா வீடு கைமாறுகிறதே, அதைப் போல. உள்ளூர்க்காரர்களுக்குள் அது காலம் காலமாக ஓடும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் 40 லட்சத்தோடு உள்ளே வரும்போதுதான் அதன் எலும்பு தெரியும்.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. வேளச்சேரிக்காரர் மேடவாக்கம் மனையை வாங்கியபோது முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டவர். தாய்ப்பத்திரத்தை ஒரிஜினலாகப் பார்த்தவர். விற்ற ஆளின் அண்ணனையும் நேரில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியவர். இதே தாள் தாய் மொழியிலோ மலாய் மொழியிலோ இருந்திருந்தால் மொழிபெயர்ப்பாளரைத் தேடியிருப்பார், வக்கீலைப் பார்த்திருப்பார். தமிழில் இருந்ததால் படித்ததும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். "பத்திரம்" என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் மனம் நம் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போய்விட்டது.

யார் பெயரில்?

இதை நான் கேட்டபோது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை. "அதுக்குத்தான் சார் அந்த முத்திரைத்தாள்."

வெளிநாட்டவர் பெயரில் அங்கே நிலம் வாங்க முடியாது என்பது அவருக்கு ஓரளவு தெரிந்திருந்தது. 2014இன் 38ஆம் இலக்கச் சட்டம் அது. 2013 ஜனவரி 1 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. வெளிநாட்டவருக்கும், வெளிநாட்டுக் கம்பெனிக்கும், ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்கு உள்ள உள்ளூர்க் கம்பெனிக்கும் நிலத்தின் உரிமையை மாற்றிக் கொடுக்க முடியாது. வாரிசு வழியில் வருவது போன்ற சில விலக்குகள் உண்டு. அடுக்குமாடி வீட்டுக்கும் வழி உண்டு, ஆனால் உறுதி எழுதும் முன்பே முழுத் தொகையும் வெளிநாட்டில் இருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். வெறும் நிலம் என்றால் குத்தகைதான். அதிகபட்சம் 99 ஆண்டு.

ஆகவே காணி மச்சினர் பெயரில். உண்மையில் அது அத்தானுக்குச் சொந்தம் என்று சைதாப்பேட்டையில் வாங்கிய இருபது ரூபாய் தாளில் இரண்டு பேரும் கையெழுத்து. நம்மிடையே அண்ணன் தம்பிக்குள் இதைவிடச் சின்னத் தாளில் பெரிய சொத்தே நின்றிருக்கிறது, அதனால் அவர் நம்பியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இலங்கையில் நிலம் சம்பந்தப்பட்ட எந்த உடன்பாடும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அதற்குச் சட்டத்தில் வலு கிடையாது. இந்த விதி இன்று நேற்று வந்ததில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நொத்தாரிசு என்றதும் நம்மவர்களுக்கு ஐகோர்ட் வாசலில் சீல் குத்தித் தரும் நோட்டரிதான் ஞாபகம் வருவார். அங்கே நொத்தாரிசுதான் உறுதியை எழுதுகிறவர். அவர் இல்லாமல் நிலம் அசையாது. சரி, நொத்தாரிசு முன்னால் எழுதினால்? சட்டம் நேராகத் தடுக்கும் ஒன்றைப் பக்கவாட்டு ஒப்பந்தத்தால் வாங்கித் தர எந்தக் கோர்ட்டும் கை நீட்டாது. மச்சினர் நாளைக்கு இல்லாமல் போனால் காணி அவர் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு வேளச்சேரி அத்தான் என்றால் வாட்ஸ்அப்பில் தீபாவளி வாழ்த்து அனுப்பும் ஒரு பெரியவர், அவ்வளவுதான்.

இந்தியப் பக்கமும் சும்மா இல்லை. பணத்தை மச்சினருக்கு "குடும்பப் பராமரிப்பு" என்றோ "அன்பளிப்பு" என்றோ எழுதி அனுப்பி அதில் நிலம் வாங்கினால், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் தரும் ஏ2 படிவத்தில் கொடுத்த உறுதிமொழி பொய்யாகிவிடும். வெளிநாட்டு ரியல் எஸ்டேட் முதலீட்டுக்குத் தனிக் குறியீடே இருக்கிறது: எஸ்0005. அதைப் போட்டால் சொத்து அவர் பெயரில் இருக்க வேண்டும். சொத்து அவர் பெயரில் இருக்க அங்கே வழியில்லை. இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் அந்த முத்திரைத்தாள் தொங்கிக்கொண்டிருந்தது.

உண்டியல்

"பணம் ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சீலிங் ஃபேனைப் பார்த்தார். முன்பணமாக நாலு லட்சம்.

எப்படிப் போனது? அதுதான் இந்த ஃபைலின் உண்மையான வியாதி. திருகோணமலையில் இருந்து ஒரு குடும்பம் இதய ஆபரேஷனுக்காகச் சென்னை வந்திருந்தது. அவர்களுக்கு இங்கே இந்தியப் பணம் வேண்டும், இவருக்கு அங்கே இலங்கைப் பணம் வேண்டும். மச்சினர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைத்தார். இவர் ஆஸ்பத்திரிப் பக்கத்து லாட்ஜில் அவர்களிடம் நாலு லட்சத்தை எண்ணிக் கொடுத்தார். மறுநாள் திருகோணமலையில் அவர்கள் வீட்டு ஆள் 14 லட்சம் இலங்கை ரூபாயைக் காணிக்காரரிடம் கொடுத்தார். பணம் கடலைத் தாண்டவே இல்லை. நமக்கு உண்டியல் என்றால் கோயிலில் இருப்பது, பிள்ளைகள் காசு சேர்ப்பது. ஈழத் தமிழில் இந்த ஏற்பாட்டுக்குப் பெயரே உண்டியல்தான். "ஒரு உயிரைக் காப்பாத்தின புண்ணியமும் சேர்ந்துச்சு சார்" என்றார். அதை நான் மறுக்கவில்லை.

அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்தும் ஃபெமா சட்டத்துக்குப் புண்ணியக் கணக்கு தெரியாது. அங்கே ஒரு சொத்து வாங்குவதற்கு ஈடாக இங்கே ஒருவருக்குப் பணம் கொடுப்பதை அது நேராகத் தடுக்கிறது. தண்டம், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். அதாவது நாலு லட்சத்துக்குப் பன்னிரண்டு லட்சம். தவிர, இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியதற்கு வாங்கியவர் மேல் வருமான வரிச் சட்டம் பாயும்; பாவம், அந்த நோயாளி வீட்டார். இலங்கைப் பக்கமும் ஒரு இடி உண்டு. வங்கி வழியாக முதலீட்டுக் கணக்கில் வந்த பணம்தான் பின்னாளில் சொத்தை விற்றால் டாலராகத் திரும்பிப் போக முடியும். உண்டியலில் போன பணத்துக்கு வந்த தடமே இல்லை, திரும்பும் வழி எங்கே?

சரியான வழி ஒன்றும் மலையேற்றம் இல்லை. இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை எல்.ஆர்.எஸ். என்ற ரிசர்வ் வங்கித் திட்டத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள், அந்தப் பணத்தில் வெளிநாட்டில் அசையாச் சொத்து வாங்குவதை வெளிப்படையாக அனுமதிக்கின்றன. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகை என்றால் வெளிநாட்டுச் சொத்துக்கான அந்த விதிகளின் கட்டுப்பாடே பொருந்தாது. அதே விதியில் 1947 ஜூலை 8 அன்றோ அதற்கு முன்போ வாங்கி, ரிசர்வ் வங்கி அனுமதியோடு வைத்திருக்கும் சொத்துக்கும் விலக்கு உண்டு. பர்மாவில் நிலம் வைத்திருந்த செட்டிநாட்டு வீடுகளை அந்தத் தேதி நினைவுபடுத்தாமல் இருக்காது. கடன் வாங்கி அனுப்ப மட்டும் வங்கி உதவாது.

வேளச்சேரிக்காரர் வங்கிக்குப் போகாததற்குக் காரணம் பயம். "இருபது பர்சென்ட் புடிச்சுக்குவாங்களாமே?" ஆமாம், டி.சி.எஸ்., அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி. 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் (அதற்கு முன் ஏழு லட்சம் வரம்பு). 60 லட்சம் அனுப்பினால் 10 லட்சம் வங்கி பிடிக்கும். ஆனால் அது வரியாகப் போய்விடுவதில்லை, அவர் பான் எண்ணில் வரவாக நிற்கும். இவருக்கோ மேடவாக்கம் விற்பனையில் வரி காத்திருக்கிறது. 72 லட்சத்தில் வாங்கிய விலை 2.40 லட்சம் போக ஆதாயம் 69.60 லட்சம். பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம், அது இல்லாமல் 12.5 சதவீதம், இரண்டையும் போட்டுப் பார்த்ததில் பின்னதுதான் லாபம். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்துப் பத்து லட்சத்தை ஒட்டி வருகிறது. வங்கி பிடிக்கும் பத்து லட்சமும் கட்ட வேண்டிய பத்து லட்சமும் நேருக்கு நேர் கழிந்துவிடும்!

மனைவியையும் கூட்டு உரிமையாளராகச் சேர்த்து ஆளுக்கு 30 லட்சமாக அனுப்பினால் மொத்தப் பிடித்தம் எட்டு லட்சமாகக் குறையும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் நாலு லட்சம் மனைவியின் பானில் போய் உட்காரும். அவருக்கு அவ்வளவு வரி வராது என்பதால் ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே இவர் விஷயத்தில் ஒரே பெயர்தான் மேல். மனைவி உரிமையாளராக இல்லாமல் அவர் வரம்பை மட்டும் கடன் வாங்குவதும் முடியாது. முதலீட்டுப் பணத்தில் குடும்பத்தார் சேர்ந்து அனுப்ப வேண்டுமென்றால் சொத்திலும் அவர்கள் பெயர் இருக்க வேண்டும்.

இன்னொரு நப்பாசையையும் அன்றே உடைக்க வேண்டியிருந்தது. மனை விற்ற பணத்தில் வீடு வாங்கினால் வரிவிலக்கு உண்டே என்றார். அந்த வீடு இந்தியாவில் இருக்க வேண்டும் என்று 2014இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

குத்தகைக் கணக்கு

அனுமதிப்பத்திரக் காணியைக் கைவிட்டாயிற்று. ஆசை விடவில்லை. ஜூலையில் மச்சினர் அதே ஒழுங்கையில் வேறொரு 40 பேர்ச்சஸ் பார்த்தார். இது உறுதிக் காணி, முப்பது ஆண்டு குத்தகை. இந்த முறை சட்டத்தரணியை முன்னால் நிறுத்தினோம்.

அவர் அறிக்கை ஏழு பக்கம். காணி 1979இல் ஒரு அம்மாவின் பெயரில் எழுதப்பட்டது. அவருக்கு மூன்று பிள்ளைகள்; ஒருவர் ஊரில், ஒருவர் டொராண்டோவில், இன்னொருவர் கனடாவிலேயே இறந்துபோய் அவர் பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். காணி பிரிபடாதது. ஊரில் இருப்பவர் மட்டும் கையெழுத்துப் போடத் தயார். நடுவில் சில ஆண்டுகள் அங்கே வேறொரு குடும்பம் குடியிருந்திருக்கிறது. இலங்கையில் பத்து ஆண்டு இடையூறில்லாமல் அனுபவித்தால் உரிமை கோரலாம், நம்மிடம் பன்னிரண்டு. ஆனால் 1983 மே முதல் 2009 மே வரை, போரால் இடம்பெயர்ந்து வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக் கூடாது என்று 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. ஒரு துண்டுக் காணியைச் சுற்றி எத்தனை பேர் வாழ்க்கை என்று அந்த ஏழு பக்கத்தைப் படித்தபோது தோன்றியது. முதலீடு என்று பேசிக்கொண்டிருந்த எங்கள் அறையில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை.

சரி, எல்லாரும் கையெழுத்துப் போட்டதாகவே வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்தோம். அவருடைய எக்செல் தாளில் நாலு அறை, 365 நாள், தினம் 12,000 இலங்கை ரூபாய் என்று இருந்தது. நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: "ஐப்பசி, கார்த்திகையில வேளச்சேரியில உங்க தெரு எப்படி இருக்கும்?" கிழக்குக் கரைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான். நிலாவெளியில் சீசன் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. ஐரோப்பியக் குளிர்காலத்தில் கூட்டம் வருவது தெற்கு, மேற்குக் கரைகளுக்கு.

ஆக, 150 நாள், பாதி அறை நிரம்பினால் 300 அறை இரவுகள். 36 லட்சம் இலங்கை ரூபாய், நம் காசில் பத்தேகால் லட்சம். புக்கிங் தளத்தின் கமிஷன், சம்பளம், கரண்ட், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் ஏசி எல்லாம் போகப் பாதி நின்றால் பெரிய விஷயம். ஐந்து லட்சம் என்போம். செலவு? குத்தகைக்கு முன்கூட்டியே 17 லட்சம், கட்டடத்துக்கு 40 லட்சம், மொத்தம் 57. முப்பதாவது ஆண்டில் கட்டடம் நிலத்துக்காரர்களோடு நின்றுவிடும், ஆகவே ஆண்டுக்கு 1.90 லட்சம் முதல் கரைகிறது. மிச்சம் 3.10 லட்சம். அதே 57 லட்சத்தை வங்கியில் ஏழு சதவீதத்தில் போட்டால் நாலு லட்சம், முதலும் அப்படியே இருக்கும், துருவும் பிடிக்காது.

நாணயத்தை இதில் சேர்க்கவே இல்லை. 2022 மார்ச்சில் டாலருக்கு 200 என்று இருந்த இலங்கை ரூபாய் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. இடையில் ஏப்ரலில் அந்த நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அப்போது அங்கே வைப்பு வைத்திருந்தவர்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு எண்ணும் மாறவில்லை, மதிப்பில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. கரையில் இருந்து 300 மீட்டருக்குள் கட்ட கடலோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதும் பட்டியலில் வந்தது. ஈ.சி.ஆரில் இருக்கும் அதே தொல்லைதான். சுற்றுலா விசாவில் போய் உட்கார்ந்து விடுதி நடத்தவும் முடியாது.

குத்தகையோ வீடோ, வாங்கியிருந்தால் வருடா வருடம் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். நம் நிதியாண்டுக் கணக்கு அங்கே செல்லாது, ஜனவரி முதல் டிசம்பர். விட்டுவிட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் தண்டம். 2024 அக்டோபரில் இருபது லட்சத்துக்கு உட்பட்ட சின்னச் சொத்துகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அசையாச் சொத்தை மட்டும் அந்த விலக்கில் சேர்க்கவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அவர் மனைவியும் வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னங்க, வருஷத்துக்குப் பத்து நாள் அங்க போய் ரூம் எடுத்துத் தங்கிட்டு வந்துடலாமே" என்றார். எங்கள் கட்டணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்திருக்கலாம்.

நாலு லட்சம்

விடுதித் திட்டம் அன்றோடு முடிந்தது. முன்பணம் முடியவில்லை.

காணிக்காரர் நல்ல மனிதர். 14 லட்சத்தில் பத்து லட்சத்தை மச்சினரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். மீதி நாலு அவர் மகள் கல்யாணத்தில் போய்விட்டது, கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதாகச் சொல்கிறார். மச்சினர் உற்சாகமாகப் போன் செய்தார். சென்னைக்குச் சிகிச்சைக்கு இன்னொரு குடும்பம் வருகிறது, அதே வழியில் காசைக் கையில் சேர்த்துவிடுகிறாராம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். ஒரு தவறைத் திருப்பிச் செய்தால் அது இரண்டு தவறு.

வங்கி வழியாக அனுப்பலாமா? அவர் எந்தப் பெயரில் அனுப்புவார்? மனைவியின் சித்தி மகன் வருமான வரிச் சட்டத்தின் "உறவினர்" பட்டியலில் இல்லை. அன்பளிப்பு என்று எழுதினால் 50,000க்கு மேல் போவதால் முழுத் தொகையும் இவருக்கு வருமானம். கொடுத்ததைத் திருப்பி வாங்குகிறேன் என்றால், கொடுத்தது எப்படி என்ற கேள்வி வரும். ஊரே "உறவு" என்று சொல்லும் ஒரு ஆளை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் படிவம் விழிக்கிறது.

ஃபெமா வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் அனுப்பினோம். மறைப்பதைவிட, நடந்ததை நடந்தபடி எழுதித் தாமாகவே முன்வந்து சமரசத் தீர்வுக்கு (தவறை ஒப்புக்கொண்டு ஒரு தொகை கட்டி முடிப்பது) விண்ணப்பிக்கலாமா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்காக லாட்ஜில் பணம் கொடுத்த தேதி, வாட்ஸ்அப் செய்திகள், அந்த முத்திரைத்தாள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தோம். ஆபரேஷன் ஆனவர் நன்றாக இருக்கிறாராம்.

நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டுவிட்டு நம் பக்கம் வந்து சென்னையிலும் கொட்டித் தீர்த்தது. வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவர் மச்சினருக்குத்தான் முதலில் போன் செய்திருக்கிறார். குடும்பத்தில் எல்லாரும் சுகம். கடைக்குள் மட்டும் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் பார்த்த அந்தக் காணியை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார் மச்சினர். இரண்டு பனை சாய்ந்துகிடக்கிறது, கிணற்றின் கட்டு மட்டும் தெரிகிற அளவுக்கு வெள்ளம். எனக்கும் அதை ஃபார்வர்டு செய்தார். கீழே ஒரே வரி: "தண்ணி இன்னும் உப்பில்லையாம் சார்."

எங்கள் அலமாரியில் அந்த ஃபைல் இன்னும் இருக்கிறது. உள்ளே இப்போது முப்பத்தொரு தாள். மேலே இருப்பது நான் எழுதிய ஒரு பக்கக் கணக்கு. நிலம் இல்லை, குத்தகை இல்லை, டி.சி.எஸ். இல்லை, மேடவாக்கம் வரி கட்டியாயிற்று. கடைசி வரி மட்டும் பென்சிலில்: முன்பணம் 4,00,000, நிலுவை.